தனியா ஓட்டினா எல்லா லேப்பும் விழுது, ரேஸில் மட்டும் விடுது – ட்ரான்ஸ்பாண்டர் கோளாறா?

கேள்வி:
1/10 எலக்ட்ரிக் டூரிங் கார் (ரிமோட்டில் ஓடுறது, நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு). ட்ரான்ஸ்பாண்டரை (லேப் எண்ண, காரின் எண்ணை சிக்னலா அனுப்புற சின்னப் பெட்டி) கார்பன் சேஸிஸ் (காரின் அடித்தட்டு) மேலேயே, பேட்டரி பக்கத்தில் டபுள் டேப் போட்டு ஒட்டியிருக்கேன். பிராக்டிஸில் ஒரு லேப்கூட விடாது. ரேஸில் 20 லேப்புக்கு ரெண்டு மூணு பதிவாகலை. ட்ரான்ஸ்பாண்டர் விளக்கு எரியுது. புதுசு வாங்கணுமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. மத்த கார்களுக்குச் சரியா விழுதுன்னா லூப் (கோட்டில் சிக்னலைப் பிடிக்கிற கம்பி வளையம்), டிகோடர் (அந்தச் சிக்னலைப் படிக்கிற கருவி) ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. டைமிங் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு தடவை கோட்டைத் தாண்டும்போதும் எத்தனை ஹிட் (எத்தனை தடவை சிக்னல் பிடிபட்டது), சிக்னல் எவ்வளவுன்னு காட்டும். அதைப் போடுங்க. லூப் தரைக்கு அடியிலா, மேலே பாலத்திலா?

கேட்டவர்:
தரைக்கு அடியில். எனக்கு 4, 5 ஹிட்தான். மத்தவங்களுக்கு 20 பக்கம்.

பதில் 2:
கார்பன்தான் காரணம். அது மின்சாரம் கடத்தும்; ட்ரான்ஸ்பாண்டரின் காந்த சிக்னலைக் கீழே இறங்க விடாது. அலுமினியமும் அப்படித்தான். லூப்பின் ரெண்டு கம்பிக்கும் நடுவே சுமார் 30 செ.மீ. மணிக்கு 60 கி.மீ.-ல் போனா அதைக் கடக்க 18 மில்லிசெகண்ட்தான். அதுக்குள்ள ட்ரான்ஸ்பாண்டர் தன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லணும். தனியா போறப்போ 4 ஹிட்டே போதும். நாலு கார் சேர்ந்து தாண்டினா எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும், ஒண்ணோடொண்ணு மோதிச் சில ஹிட் வீணாகும். 20 இருக்கிறவருக்கு நஷ்டம் தெரியாது. உங்களுக்கு மிச்சம் பூஜ்யம்.

சேஸிஸ் ஓரத்துக்கு வெளியே நீட்டினாப்ல, அடியில் நேரா தரை தெரியுற மாதிரி வைங்க. ஓட்டை போடலாம், ஆனா சேஸிஸ் பலம் குறையும், நான் கடைசி வழியாத்தான் வைப்பேன். போட்டா மாஸ்க் கட்டாயம், வெட்டின விளிம்பில் சூப்பர் க்ளூ தடவுங்க. மோட்டார் வயரை விட்டும் தள்ளி வைங்க.

பதில் 3:
இன்னொண்ணும் பாத்துடுங்க. ட்ரான்ஸ்பாண்டருக்கு கரண்ட் ரிசீவரிலிருந்துதான் (காரில் ரிமோட் சிக்னலை வாங்குற பெட்டி) வருது. சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்புற சின்ன மோட்டார்) கரண்ட் இழுக்கும்போது வோல்டேஜ் சரிஞ்சா அது ஒரு நொடி செத்துப் பிழைக்கும். காரைத் தரையில் வச்சு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் வேகமா முட்ட முட்டத் திருப்புங்க. விளக்கு மினுக்குதா?

கேட்டவர்:
மினுக்கலை. இடது ஓரத்துக்கு மாத்தியாச்சு, கீழே கார்பன் இல்லை. இப்போ 19, 22, 18 ஹிட். அஞ்சு கார் கூட்டத்திலும் ஒரு லேப் விடலை.

பதில் 2:
அங்கே சுவரில் உரசினா முதல்ல அடி படுறது அதுதான். பாடிக்கு உள்ளேயே இருக்கான்னு பாருங்க, வயரை டயரில் படாம கட்டுங்க.