நினைவு மலர்ச் சேகரிப்பை ஊருக்கான ஆவணகமாக வளர்ப்பது எப்படி?

உப்புவெளி வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஓர் அரச திணைக்களத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராகப் பணியாற்றும் நான், மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் செய்துவரும் ஒரு வேலை குறித்து உங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன். எங்கள் பகுதியில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது உறவினர்களுக்குக் கொடுக்கப்படும் நினைவு மலர்களைத் தேடிப் பெற்று, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றிலும் யாரைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை ஓர் அட்டவணையில் பதிந்து வருகிறேன்.

பெரும்பாலான வீடுகளில் இம்மலர்கள் சாமி அறையில்தான் இருக்கின்றன. சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகமும் மற்றத் தோத்திரப் பாடல்களும் அவற்றில் இருப்பதால் மக்கள் அவற்றை எறிவதில்லை. ஆனால் பாடல்களுக்கு முன்னால் வரும் வாழ்க்கைக் குறிப்பையும் வம்சாவளியையும் அந்த வீட்டாரைத் தவிர வேறு எவரும் இரண்டாம் முறை வாசிப்பதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் அவை சம்பிரதாயமான புகழுரைகளே. பலவற்றை அடுத்தடுத்து வாசித்தால் வேறொன்று தெரியவருகிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது எந்தக் குடும்பம் எந்தக் கிராமத்திற்கு ஓடியது, 1957 இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறிய பிறகு டொக்யார்ட்டில் (கடற்படையின் கப்பல் தளத்தில்) வேலை பார்த்தவர்கள் எந்தத் தொழிலுக்குப் போனார்கள், 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பின் யார் வீட்டை மறுபடி கட்டினார்கள் என்பவையெல்லாம் ஒரு வரி, அரை வரியாக அங்கே கிடக்கின்றன. அந்த வரிகளை ஒன்றுசேர்த்து வாசிக்கும் நேரத்தில் எனக்கு உண்டாகும் நிறைவு அலுவலக வேலையில் ஒருநாளும் உண்டானதில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

இப்போது வெளிநாடுகளில் உள்ளவர்கள் தங்கள் பாட்டன், பூட்டன் பற்றிக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். என் தனிப்பட்ட ஆர்வமாக இருந்த வேலை மற்றவர்களுக்கும் தேவைப்படும் ஒன்றாக மாறிவிட்டது. அதே நேரம், எனக்கு வேறு மாவட்டத்திற்கு இடமாற்றம் வந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும் என்ற கவலையும் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இதில் முழுமையாக இறங்குவதா, குடும்பங்களிடம் கட்டணம் பெறுவதா, ஒரு சங்கமாகப் பதிவு செய்வதா, அல்லது எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடுவதா? இத்தகைய வேலைகளை வளர்த்தெடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லித்தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

யாழ்ப்பாணத்து ஆவணத் தொண்டர் பதிலளித்தது:

சகோதரி, நீங்கள் அடுக்கிய நான்கு கேள்விகளுக்கும் முன்னால் தீர்க்க வேண்டியது, உங்கள் இடமாற்றக் கவலை. உங்கள் சேகரிப்பு இன்று உங்கள் மேசையிலும் உங்கள் ஞாபகத்திலும் இருக்கிறது. நீங்கள் இல்லாத இடத்தில் இன்னொருவர் வந்து அமர்ந்து அதே வேலையைத் தொடர முடியுமானால்தான் அது ஆவணகம். ஆகையால் முதலில் எழுத வேண்டியது, ஒரு மலர் கைக்கு வந்த நேரத்திலிருந்து அது அட்டவணையில் ஏறும்வரை என்னென்ன செய்யப்படுகிறது என்ற வழிகாட்டிக் குறிப்பு. துருப்பிடித்த கம்பியை எப்படி எடுப்பது, எந்தப் பெயரில் கோப்பைச் சேமிப்பது, பெயரின் முதலெழுத்துகளை எப்படி எழுதுவது என்பதுவரை அதில் இருக்கட்டும். ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட கந்தையாக்களும் தம்பிப்பிள்ளைகளும் எத்தனையோ பேர் இருப்பார்கள். பிறந்த ஊரையும் தொழிலையும் தனித்தனிப் பத்திகளில் பதியாவிட்டால் ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

தொழில்நுட்பப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பக்கங்களை ஸ்கேன் செய்ய 300 டிபிஐ (ஓர் அங்குலத்திற்கான புள்ளிகள்) போதும், புகைப்படங்களுக்கு 600 நல்லது. மூலக்கோப்பை டிஃப் வடிவிலும் வாசிப்பதற்கான பிரதியைப் பிடிஎஃப் வடிவிலும் வைத்து, மூன்று பிரதிகளில் ஒன்றையாவது வேறு ஊரில் வைத்திருங்கள். கடற்காற்றும் இராமபாணப் பூச்சியும் தாளைத் தின்கின்றன, ஈரப்பதன் வன்தட்டையும் விடுவதில்லை. தமிழ்நாட்டில் 1978 இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சில் ணா, றா, னை, லை போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருப்பதால், கணினியால் எழுத்துணரச் செய்த பின்னும் மனிதக் கண் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

சொந்தமாக இணையத்தளம் தொடங்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து அதைத் தள்ளிவையுங்கள். 2005 இல் தன்னார்வலர்களின் முயற்சியாகத் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பக்கங்களைப் பாதுகாத்து வழங்கும் பாரத்தை அத்தகைய ஓர் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு, வேறு எவராலும் செய்ய முடியாத பகுதியான அந்த அட்டவணையில் உங்கள் மாலை நேரங்களைச் செலவிடுங்கள். டொக்யார்ட் தொழிலாளர் எல்லோரையும் ஓரிடத்தில் காட்டும் ஒரு பட்டியல் இதுவரை எவர் கையிலும் இல்லாத ஆய்வுக் கருவியாக அமையும்.

எல்லாவற்றையும் ஏற்றிவிடுவதா என்று கேட்டீர்கள். வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுட்காலத்திற்குப் பின் 70 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஆகவே இரங்கற்பா எழுதிய புலவரின் குடும்பத்திடமும் கேட்க வேண்டியிருக்கும். சட்டத்தைவிடப் பெரிய விடயம் ஒன்றும் இருக்கிறது. அண்மைக்கால மலர்களின் வம்சாவளியில் உயிரோடிருப்பவர்களின் பெயர்களும் அவர்கள் வாழும் நாடுகளும், சிலவற்றில் முகவரியும் தொலைபேசி எண்ணும், பிள்ளைகளின் படங்களும் உள்ளன. அத்தகைய பக்கங்கள் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும். வெளியே விடுவது இறந்தவரைப் பற்றிய பகுதியாக மட்டும் இருக்கட்டும்.

மத்திய வீதி அச்சகத்தார் பதிலளித்தது:

தங்கச்சி, யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதில் பாதுகாப்புப் பற்றிய எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. மின்சாரமும் வன்தட்டும் தாளும் இலவசமாக வருவதில்லை. தன் சம்பளத்தில் இருந்தே எல்லாவற்றையும் செய்பவர் குடும்பத்தில் ஒரு மருத்துவச் செலவு வந்ததும் நிறுத்திவிடுவார், அதில் குற்றம் சொல்லவும் முடியாது. நல்ல வேலைகள் பல இப்படித்தான் எங்கள் ஊரில் நின்றுபோயிருக்கின்றன.

ஆனாலும் வேலையை விடாதீர்கள். நீங்கள் நேரடியாகக் கட்டணம் வாங்கவும் வேண்டாம். அரச உத்தியோகத்தர் வருமானத்திற்காக வெளிவேலை செய்வதற்கு, அரச ஊழியர்களுக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையில் கட்டுப்பாடு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பகுதியை எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நினைவு மலர் அடிக்கும் அச்சகங்களுக்குப் பழைய மலரை மறுபதிப்புச் செய்து தரும்படியும், சிதைந்த குடும்பப் படங்களைச் சீர்செய்து தரும்படியும் கேட்டு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த வேலைக்கு நாங்கள் கூலி பெறுகிறோம். அதில் ஒரு பங்கு ஆவணகத்தின் செலவுக்கு என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் ஒப்புக்கொண்டால் இரு தரப்புக்கும் நன்மை. அப்பங்கு உங்கள் கைக்கு வராமல் நேராகச் சங்கத்தின் கணக்கிற்குப் போகட்டும். அதற்காகவேனும் ஒரு சங்கம் வேண்டும். எடுத்த எடுப்பில் உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனி என்று போகாமல், பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து ஒரு சிறிய சங்கமாக எப்படிப் பதியலாம் என்று விசாரியுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே குடும்பத்தவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. நீங்கள் வீடு வீடாகப் பழையதைத் தேடுகிறீர்கள். புதியது எங்கள் கண்முன்னாலேயே அழிகிறது. இப்போது மலர்கள் எல்லாம் கணினியில் வடிவமைக்கப்படுகின்றன. அச்சிட்டு முடிந்து சில காலத்தில் கணினியில் இடம் போதாமல் கோப்பு அழிக்கப்படுகிறது. அந்தக் கோப்பில் இருக்கும் புகைப்படம் அச்சில் இருப்பதைவிடத் தெளிவானது, எழுத்தையும் மறுபடி தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை. நாங்கள் வேலைக் கட்டளைப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்து, இம்மலரின் ஒரு பிரதியை ஊர் ஆவணகத்திற்குக் கொடுக்கச் சம்மதமா என்று குடும்பத்தாரிடம் கேட்கலாம். துக்க வீட்டில் போய்க் கேட்பதைவிட அது நாகரிகமும் கூட. நகரில் உள்ள அச்சகங்கள் எல்லாம் இதற்கு இணங்கினால், உங்கள் பத்தாண்டுத் தேடலில் கிடைப்பதைவிட அதிகம் தானாகவே வந்து சேரும். மற்ற அச்சகத்தாரிடம் பேசும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மூதூர் கிழக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் பதிலளித்தது:

மகள், உங்கள் முயற்சியை மனதார வாழ்த்துகிறேன். இருவரும் சொன்ன யோசனைகள் நல்லவை. ஆயினும் அவை எல்லாம் மலர் அடித்த குடும்பங்களைப் பற்றியவை. மலர் அடிக்காத குடும்பங்களை யார் நினைப்பது என்பதே என் கேள்வி.

2006 இல் போரினால் சம்பூரிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் நாங்கள் இடம்பெயர்ந்தபோது உடுத்த உடையோடு வந்தவர்களே அதிகம். கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்து, 2015 இலும் அதன் பின்னரும்தான் சொந்தக் காணிக்குத் திரும்பினோம். அந்த இடைக்காலத்தில் முகாமில் இறந்தவர்களுக்கு அந்தியேட்டியே முறையாக நடக்கவில்லை, மலர் எங்கே அடிப்பது? அதற்கு முன்பு வீட்டில் இருந்த மலர்களும் காணி உறுதிகளும் படங்களும் போயின. திருக்கடலூரிலும் சல்லியிலும் கரைவலை இழுத்தவர்களுக்கும், தம்பலகாமத்து வயலில் கூலிக்கு நாற்று நட்ட பெண்களுக்கும் நல்ல காலத்திலேயே மலர் அடிக்கப்பட்டதில்லை. முஸ்லிம் குடும்பங்களில் இவ்வழக்கம் இல்லை என்பதால், மூதூரும் கிண்ணியாவும் உங்கள் அட்டவணையில் மிகக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். மலர் உள்ள வீடுகளிலும் பெண்களுக்கு எழுதப்பட்டிருப்பதைப் பாருங்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னின்னாரின் தாய், விருந்தோம்பலில் சிறந்தவர் என்பதோடு முடிந்துவிடும். அவர் எந்தப் பள்ளியில் படித்தார், கணவன் இறந்தபின் எப்படிப் பிள்ளைகளை வளர்த்தார் என்பது அதில் இராது.

ஆகையால் இதைப் பெரிதாக்குவது என்றால், அச்சில் வராதவர்களின் வாழ்க்கையையும் ஒரு பக்கமாவது எழுதிச் சேர்ப்பது என்று நான் புரிந்துகொள்கிறேன். மலரில் என்னென்ன கேட்கப்படுகிறதோ அதே கேள்விகளை வயது முதிர்ந்தவர்களிடம் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் பதியுங்கள். பிறந்த இடம், பெற்றோர், படித்த பள்ளி, முதல் கூலி, இடம்பெயர்ந்த ஊர்கள், ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 அன்று எங்கே இருந்தார் என்பவை போதும், மற்றவை தாமாக வரும். உயர்தர வகுப்பு மாணவர்களைப் பயிற்றினால் தங்கள் அம்மம்மாவிடமிருந்தே அவர்கள் தொடங்கலாம். இந்த அட்டவணையில் அச்சகத்து மலருக்கும் மாணவன் எழுதிய பக்கத்திற்கும் ஒரே வகையான இலக்கமும் ஒரே மதிப்பும் கொடுக்கப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

உப்புவெளி வாசகி மறுமொழி:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. வேலையை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மத்திய வீதி அண்ணா அச்சகத்தாரிடம் பேச முன்வந்ததைப் பெரிய உதவியாகக் கருதுகிறேன், சம்மதப் படிவத்தின் வாசகத்தை நான் எழுதி அனுப்புகிறேன். ஐயா எழுதியதை வாசித்தபின் அட்டவணையை ஊர் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மூதூர்ப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கிறது. அங்கிருந்தே வாய்மொழிப் பதிவைத் தொடங்க விரும்புகிறேன். கிண்ணியாவில் இதே ஆர்வமுள்ள ஓர் ஆசிரியை என்னோடு இணைய இசைந்திருக்கிறார். பதிவு செய்யும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று ஆவணத் தொண்டர் அண்ணா சொல்ல முடியுமா? குறிப்பாக, போர்க்காலம் பற்றிப் பேசுவோர் பின்னர் தயங்கினால் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்து ஆவணத் தொண்டர் பதிலளித்தது:

ஒலியை வேவ் வடிவில் பதியுங்கள். கைத்தொலைபேசி போதும், சட்டையில் பொருத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்று இருந்தால் மின்விசிறிச் சத்தமும் கடற்காற்றும் குறையும். தொடக்கத்திலேயே பேசுபவரின் பெயர், இடம், திகதி, பதிவு எதற்காக என்பவற்றைச் சொல்லி, அவர் சம்மதத்தையும் அவர் குரலிலேயே பெறுங்கள். சம்மதத்தை ஆம், இல்லை என்ற இரண்டோடு நிறுத்தாமல், இப்போதே எவரும் கேட்கலாம், என் காலத்திற்குப் பிறகு கேட்கலாம், பெயரின்றி மட்டும் பயன்படுத்தலாம், இந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள் என்ற தெரிவுகளைக் கொடுங்கள். எழுத்தாக்கிய பின் அவருக்கே வாசித்துக் காட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை கேளுங்கள், தயக்கம் இருந்தால் பெரும்பாலும் அப்போதுதான் வெளிப்படும். அவர் நீக்கச் சொன்னதை எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்குங்கள், காரணம் கேட்க வேண்டாம். எழுத்தாக்கும்போது மூதூர்ப் பேச்சையும் கிண்ணியாப் பேச்சையும் மாணவர்கள் பாடப்புத்தகத் தமிழாகத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சில பதிவுகளை எனக்கு அனுப்பினால் ஒலித்தரத்தையும் அட்டவணைப் பத்திகளையும் பார்த்துச் சொல்கிறேன்.