அச்சில் வரும் ஹை-ஃபை இதழ்களுக்கு இன்னும் சந்தா கட்டுகிறீர்களா? – அனுபவப் பகிர்வு

சென்னையிலிருந்து (தொடக்கப் பதிவு):

உயர்தர ஒலிக்கருவிகளை மதிப்பிடும் ‘ஹை-ஃபை நியூஸ்’ இதழுக்கான என்னுடைய சந்தா அடுத்த மாதத்துடன் முடிகிறது. புதுப்பிப்பதா, இத்துடன் நிறுத்திக்கொள்வதா என்ற யோசனையில் இருப்பதால், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம் என எழுதுகிறேன். இங்கிலாந்திலிருந்து வரும் இதழுக்குத் தபால் செலவே பெரும் சுமையாக இருக்கிறது. அது வந்து சேர்வதற்குள், அட்டையில் பளபளக்கும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி யூடியூபில் பத்துப் பேர் பேசி முடித்துவிடுகிறார்கள். நுங்கம்பாக்கத்தில் லேண்ட்மார்க் கடை இருந்தவரை, கீழ்த்தளத்தில் நின்றபடியே இதழ்களைப் புரட்டிப் பார்த்து, தேவையானதை மட்டும் வாங்கிவர முடிந்தது. இப்போது அந்த வசதியும் இல்லை. சந்தா கட்டினால்தான் அச்சுப் பிரதியைக் கண்ணால் பார்க்க முடியும் என்ற நிலை.

இத்தனைக்கும் நான் இதழை முன்னிருந்து பின்னாகப் படிப்பவன் அல்லன். ஒவ்வொரு மதிப்புரையின் இறுதியிலும் வரும் ஆய்வக அறிக்கைக்குத்தான் முதலில் போவேன். ஓர் ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் சுமையில் எத்தனை வாட் தருகிறது என்பதைத் தயாரிப்பாளரின் கையேடே சொல்லிவிடும். 4, 2, 1 என்று ஓம் எண் குறைந்து சுமை கூடக்கூட அது நொடிப்பொழுதுக்குத் தாக்குப்பிடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்பதை அந்த அரைப்பக்க வரைபடத்தில்தான் பார்க்கிறேன். அந்த அரைப்பக்கத்துக்காக ஓராண்டுச் சந்தா கட்டுவது நியாயமா என்பதே என் கேள்வி.

சிங்கப்பூரிலிருந்து:

நியாயமே என்பேன். கோல்மன் தெருவில் உள்ள தி அடெல்ஃபி கட்டடத்தை இங்குள்ளவர்கள் அறிவார்கள். மாடிக்கு மாடி ஹை-ஃபை கடைகள். அங்கே ஒரு கடையில், தரையில் நிற்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கரை நான் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்த கடைக்காரர், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ‘ஸ்டீரியோஃபைல்’ இதழை எடுத்து, மஞ்சள் ஒட்டுச்சீட்டு நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். பலர் கைபட்டு அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் கறுத்திருந்தது. அதே ஸ்பீக்கருக்கான மதிப்புரை; பியானோவின் ஒலிக்கு விமர்சகர் உருகியிருந்தார்.

எனக்கு அந்த இதழின் அமைப்பு பழக்கமானது. எழுதுபவர் காதால் கேட்டு எழுதிமுடித்த பிறகுதான் அளவீடுகள் இடம்பெறும். கேட்டவருக்கு இனித்த கருவி அளவீட்டில் இடறுவதும் அங்கே அவ்வப்போது நடக்கும். எனவே, ஒட்டுச்சீட்டு இல்லாத அடுத்த சில பக்கங்களை நானாகவே புரட்டினேன். 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) கோடு 3 ஓமுக்கும் கீழே இறங்கியிருந்தது. அதே இடத்தில் ஃபேஸ் கோணமும் (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான விலகல்) பெரிதாக இருந்தது; அதாவது, வலுவான ஆம்ப்ளிஃபயர்தான் அந்த ஸ்பீக்கரைச் சிரமமின்றி ஓட்டும். வீட்டில் என்னிடம் இருப்பது 300பி வால்வில் (பழைய வகை வெற்றிடக் குழாய்) இயங்கும், 8 வாட் மட்டுமே தரும் சிங்கிள்-எண்டெட் ஆம்ப்ளிஃபயர். கடையில் அந்த ஸ்பீக்கரை ஓட்டிக்கொண்டிருந்ததோ இரண்டு ஆட்கள் தூக்கவேண்டிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். நான் வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டியபோது கடைக்காரர் சிரித்தார். நேர்மையாகச் சொல்லவேண்டும் என்றால், அவரே வேறு ஸ்பீக்கரைக் காட்டினார்.

அதே அளவீடுகள் இணையத்திலும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இணையத்தில் தேடுபவர் தான் ஏற்கெனவே விரும்பிய பொருளைத்தான் தேடுகிறார். மாதந்தோறும் வீட்டுக்கு வரும் இதழில், தேடாத பத்துக் கருவிகளின் வரைபடங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால்தான் எனக்கு அந்தக் கோடுகளைப் படிக்கும் பழக்கம் வந்தது.

டொராண்டோவிலிருந்து:

நான் சந்தா கட்டுவதில்லை. பொது நூலக அட்டை இருந்தால் பல இதழ்களைக் கைக்கணினியில் இலவசமாகவே படித்துவிடலாம். படித்து முடித்ததும் அடுக்கிவைக்க இடம் தேடவேண்டியதில்லை, வீட்டில் யாரும் முகம் சுளிப்பதுமில்லை.

லண்டனிலிருந்து:

முதல் பதிவை எழுதிய அண்ணன் வருத்தப்படக்கூடாது. நான் ‘ஸ்டீரியோஃபைல்’, ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ என்ற இரண்டு அமெரிக்க இதழ்களின் சந்தாவையும் நிறுத்திவிட்டேன். காரணம் பணம் அன்று. ஜே. கார்டன் ஹோல்ட் 1962இல் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழைத் தொடங்கியதற்கு, விளம்பரதாரர்களுக்குத் தலையாட்டும் மதிப்புரைகள்மீது அவருக்கிருந்த வெறுப்பே காரணம் என்பார்கள். கருவிகளைக் காதால் கேட்டு, கேட்டதை அப்படியே எழுதவேண்டும் என்பது அவர் கொண்டுவந்த முறை. 1973இல் ஹாரி பியர்சன் தொடங்கிய ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ இதழும் அதே வழியில், இன்னும் பிடிவாதமாக, வந்தது. இப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவர்கள் எதிலாவது ஏமாறலாமா என்பதுதான் என் ஆதங்கம்.

எம்க்யூஏ (உயர்தர இசையைச் சிறிய கோப்பாகச் சுருக்கி இணையத்தில் அனுப்பும் டிஜிட்டல் முறை) விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 டிசம்பரில் அது அறிமுகமானபோது இந்த இதழ்கள் அதைப் புதுயுகத்தின் வருகையாகவே கொண்டாடின. ஐயம் எழுப்பியவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். 2021இல் யூடியூபர் ஒருவர் தாமே தயாரித்த சோதனை ஒலிகளை டைடல் என்ற இணைய இசைச் சேவையில் ஏற்றி, எம்க்யூஏவாக மாறித் திரும்பி வந்தது மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அளந்து காட்டிய பிறகுதான் விவாதம் சூடுபிடித்தது. ‘ஸ்டீரியோஃபைல்’ 2018இல் இது குறித்து விரிவான தொழில்நுட்பக் கட்டுரைகள் வெளியிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் நேரடியாக அடித்துச் சொன்னவர்கள் அவர்கள் அல்லர். 2023 ஏப்ரலில் எம்க்யூஏ நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது, அதே ஆண்டில் லென்புரூக் என்ற கனடிய நிறுவனம் அதன் சொத்துகளை வாங்கிக்கொண்டது, 2024இல் டைடலும் அதைக் கைவிட்டது.

அடுத்தது மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம். முழுக்க அனலாக் முறையில் தயாரானவை என்று பலரும் நம்பி, அதிக விலை கொடுத்து வாங்கிய இசைத்தட்டுகளில் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது என்பதை 2022 ஜூலையில் வெளிக்கொண்டுவந்தவர், அரிசோனாவில் இசைத்தட்டுக் கடை நடத்தும் ஒருவர். அதுவும் ஒரு காணொளியில். அனலாக் ஒலியின் தனிச்சுவையைக் காது கண்டுபிடித்துவிடும் என்று பல்லாண்டுகளாக எழுதிவந்த எவரும் அந்தத் தட்டுகளைக் கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை. இனி அந்த வருணனைகளுக்கு நான் எதற்குக் காசு கொடுக்கவேண்டும்? இதழ்கள் அச்சிடும் அளவீடுகள் மட்டும் வேண்டும் என்றால், 2016இல் தொடங்கிய ‘ஆடியோ சயன்ஸ் ரிவ்யூ’ தளத்தில் ஸ்பீக்கர்களை கிளிப்பெல் ஸ்கேனர் என்ற அளவுக் கருவியில் வைத்து எல்லாத் திசைகளிலும் அளந்து போடுகிறார்கள். அச்சிதழ்கள் தரும் வரைபடங்களைவிட அவை விரிவானவை.

சென்னையிலிருந்து:

வருத்தம் ஏதுமில்லை, தம்பி. நீங்கள் சொல்லும் இரண்டு நிகழ்வுகளும் வருணனையின் தோல்வி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: ஒரு மதிப்புரை தவறாகப் போனால் அச்சிதழில் அது தவறாகவே நிலைத்து நிற்கிறது; பத்தாண்டு கழித்தும் எடுத்துக் காட்டலாம். எம்க்யூஏவைப் புகழ்ந்த பக்கங்கள் என் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. தளங்களிலும் காணொளிகளிலும் சொன்னதை இரவோடு இரவாக மாற்றிவிடவோ நீக்கிவிடவோ முடியும். இன்னொன்று, ‘ஸ்டீரியோஃபைல்’ இதழில் மதிப்புரையைத் தயாரிப்பாளருக்கு முன்கூட்டியே அனுப்பி, அவர் எழுதும் மறுமொழியையும் அதே இதழின் பின்பக்கங்களில் வெளியிடுகிறார்கள். தம் பொருளைக் குறைசொன்ன விமர்சகருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லும் அந்தக் கடிதங்களுக்கு ஈடான சுவாரசியம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

கோயம்புத்தூரிலிருந்து:

இந்த இழையில் எல்லோரும் மதிப்புரைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். வாங்கிக் கேட்பவர்களைவிட, சாலிடரிங் அயனைப் பிடித்துத் தாமே ஆம்ப்ளிஃபயர் கட்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அச்சிதழ்கள் செய்த உதவி பெரிது; அதைச் சொல்லிவிடுகிறேன்.

‘வயர்லெஸ் வேர்ல்டு’ என்ற பிரிட்டிஷ் மின்னணுவியல் இதழில் டி.டி.என். வில்லியம்சன் தம் வால்வு ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது 1947இல்; உலகமெங்கும் அதைப் பார்த்துக் கட்டினார்கள். அதே இதழின் 1969 ஏப்ரல் வெளியீட்டில் ஜான் லின்ஸ்லி ஹூட், ஒரு சேனலுக்கு (இடம் அல்லது வலம்) நான்கே டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 10 வாட் தரும் கிளாஸ்-ஏ ஆம்ப்ளிஃபயரின் சுற்றுப்படத்தைக் கொடுத்தார். (செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகமெங்கும் ஒலிபரப்பலாம் என்று பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் எழுதியதும் இதே இதழில்தான்.) என் கைக்குக் கிடைத்தது லின்ஸ்லி ஹூட் கட்டுரையின் நகலின் நகல், ரெசிஸ்டர் மதிப்புகளில் 3 எது, 8 எது என்று தெரியாத அளவுக்கு மங்கியிருந்தது. கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த ஐயா ஒருவர், அந்த ஐயத்தைத் தீர்க்கத் தம் வீட்டிலிருந்து அசல் இதழையே எடுத்துவந்தார். மெழுகுத்தாளில் சுற்றியிருந்தது. ‘கட்டுரையை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதே, அதற்குப் பின்னால் வந்த மாதங்களின் வாசகர் கடிதங்களையும் படி’ என்று சொல்லி, அவற்றையும் வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னதன் பொருள் படித்தபோதுதான் விளங்கியது. ஒரு சுற்றுப்படம் வெளியான பிறகு, அதைக் கட்டிப்பார்த்தவர்கள் இது சூடாகிறது, இந்த டிரான்சிஸ்டர் கிடைக்கவில்லை, இங்கே கெபாசிட்டரை மாற்றினால் அலைவு நிற்கிறது என்றெல்லாம் எழுதுவார்கள். வடிவமைத்தவர் பெயர் போட்டுப் பதில் சொல்வார். லின்ஸ்லி ஹூட் 1996இல், இதழ் ‘எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு’ என்று பெயர் மாறியிருந்த காலத்தில், அதே வடிவமைப்பைத் திருத்தி மீண்டும் எழுதினார். இருபத்தேழு ஆண்டுகள் நீண்ட உரையாடல் அது. கட்டுரையை மட்டும் தனியாக வெட்டி எடுத்து இணையத்தில் ஏற்றுபவர்கள் இந்தக் கடிதங்களை விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துக் கட்டுபவரோ, என்றோ திருத்தப்பட்ட சிக்கலில் மறுபடியும் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்.

இப்போது நான் சந்தா கட்டுவது ‘ஆடியோஎக்ஸ்பிரஸ்’ ஒன்றுக்கு மட்டுமே. எட் டெல் 1970இல் தொடங்கிய ‘தி ஆடியோ அமெச்சூர்’ இதழின் வாரிசு அது. பழைய இதழ்களைப் பொறுத்தவரை, ‘வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி’ தளத்தில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’, 2000இல் நின்றுபோன ‘ஆடியோ’, 1989இல் நின்ற ‘ஹை ஃபிடெலிட்டி’ ஆகியவற்றை அட்டை முதல் அட்டை வரை, விளம்பரங்களையும் கடிதங்களையும் விடாமல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். லண்டன் நண்பர் அளவீட்டுக்கு இணையமே போதும் என்கிறார், மறுக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் ஐம்பது ஆண்டுகளாக எடைக்குப் போடாமல் வைத்திருந்த அச்சுப் பிரதி இருந்ததால்தான் அந்தத் தளமே சாத்தியமாயிற்று.

சென்னை அண்ணனுக்கு ஒரு யோசனை. புதுப்பிக்கிறீர்களோ இல்லையோ, இருக்கும் இதழ்களை ஆண்டுவாரியாக பைண்டு செய்யாதீர்கள். பைண்டிங் செய்தால் உள்மடிப்பில் வரைபடத்தின் ஓரத்து எண்கள் மறைந்துவிடும். அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி அடுக்கி, தரையிலிருந்து உயரமாக வையுங்கள். கரையானுக்கு 4 ஓமும் தெரியாது, 8 ஓமும் தெரியாது. கூடவே ஓர் உதவியும் வேண்டும்: டக்ளஸ் செல்ஃப் 1993–94இல் ‘எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு’ இதழில் பவர் ஆம்ப்ளிஃபயர்களின் ஒலித்திரிபு பற்றி எழுதிய தொடரில் சில பகுதிகள் என்னிடம் அச்சில் இல்லை. யாரிடமாவது இரட்டைப் பிரதி இருந்தால் தெரிவியுங்கள். தபால் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன், பதிலுக்கு ‘ஆடியோஎக்ஸ்பிரஸ்’ இதழ்கள் சிலவற்றை அனுப்பிவைக்கிறேன்.