புதுக்கோட்டைப் பக்கம் நிலம்: தன்னிறைவாக வாழ ஏற்ற இடமா?

புங்கோல்வாசி கேட்டது:

வணக்கம். வயது 46. சிங்கப்பூரில், புங்கோலில் நாலறை வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். 2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடப்போகிறது என்றதும் பேரங்காடிகளில் அரிசித் தட்டு காலியானது நினைவிருக்கும். 2022 ஜூனில் அவர்கள் கோழி ஏற்றுமதியை நிறுத்தினார்கள், ஈரச்சந்தையில் பல கோழிக்கடைகள் மூடிக்கிடந்தன. அப்போதிருந்து எனக்கு ஒரே யோசனை: இரண்டு மூன்று ஏக்கர், கிணறு, சூரியத் தகடு, மாடு. எது நடந்தாலும் சோற்றுக்குக் கவலை இருக்கக்கூடாது.

திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பதால் புதுக்கோட்டை மாவட்டம் பார்க்கிறேன். தரகர் இரண்டு இடம் சொல்கிறார். விராலிமலைப் பக்கம் மலிவு, ஆலங்குடிப் பக்கம் விலை கூடுதல். வாட்ஸ்அப்பில் வந்த காணொளியில் இரண்டுமே பச்சைப்பசேல். நான் இங்கே நிரந்தரவாசி, கடப்பிதழ் இந்தியா. எதை வைத்து முடிவெடுப்பது?

தேக்கா ராசு:

முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் சரி, ஓசிஐ அட்டைக்காரரும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) சரி, இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு விலைக்கு வாங்க முடியாது. வீடோ வீட்டுமனையோ வாங்கலாம். பரம்பரைச் சொத்தாக வந்த வயல் என்றால் வைத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பி அங்கேயே குடியேறிய பிறகு, இந்தியக் குடிமகனாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். நடுவில் இங்கே குடியுரிமை எடுத்தால் அந்தக் கதவும் மூடிவிடும். மச்சான் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், அது மச்சான் நிலம், அவ்வளவுதான்.

ஈசூன் பம்ப்காரர்:

ராசு சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைச் சொல்கிறேன். கப்பல் பட்டறையில் பம்ப் பார்த்தே ஓய்வு பெற்றவன், எனக்கு வேறு எதுவும் முதலில் கண்ணில் படாது. ஆலங்குடிப் பக்கம் மாமனார் நிலம் இருக்கிறது, மைத்துனர் பயிர் செய்கிறார்.

தம்பி, அந்தக் காணொளி டிசம்பரில் எடுத்ததாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அங்கே பொட்டல்கூடப் பச்சையாகத்தான் தெரியும். மே மாதம் போய்ப் பாருங்கள்.

மாவட்டம் ஒன்றுதான், பூமி இரண்டு. விராலிமலை, இலுப்பூர், குளத்தூர் பக்கம் அடியில் பாறை. பாறை வெடிப்பில் இருக்கிற தண்ணீர்தான். ஒரு ஆழ்துளைக் கிணற்றில் (போர்) பீறிட்டு வரும், பக்கத்து வயலில் போட்டால் புகைதான் வரும். கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கம் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும், ஆழத்தில் தண்ணீர் உண்டு. பலா, தென்னை, பூ எல்லாம் அதனால்தான். விலை கூடுதல் என்பதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் உங்களைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டியது இங்கேதான். அந்தத் தண்ணீர் பல நூறு அடி கீழே. நீர்மூழ்கி மோட்டார் ஓடினால்தான் மேலே வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ளே வந்தது. தென்னையும் மின்கம்பமும் வரிசையாகச் சாய்ந்தன, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. காலடியில் கடல்போல் தண்ணீரை வைத்துக்கொண்டு, குடிக்க ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தார்கள். டீசலுக்கு வரிசை வேறு. வாளி போட்டு இறைக்கிற பழைய கிணறு இருந்த வீட்டில் தெருவே கூடி நின்றது.

ஆகவே ஆழ்போர் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கரண்ட் இல்லாத மூன்றாவது வாரம் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். என் கணக்கு இது. ஆயிரம் சதுர அடிக் கூரை, வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் ஏறக்குறைய 83,000 லிட்டர் விழும். வழிந்தது, கூரையைக் கழுவி ஓடவிட்டது போக 65,000 தேறும். குடிக்க, சமைக்க ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் நாலு பேருக்கு அடுத்த வடகிழக்குப் பருவமழை வரும்வரை, அதாவது ஜனவரி முதல் செப்டம்பர் வரை, 11,000 லிட்டருக்குள் முடிந்துவிடும். 12,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டினால் குடிநீர்க் கவலை இல்லை. மாட்டுக்கும் வயலுக்கும் தனி வழி பார்க்க வேண்டும்.

அப்புறம் மயில். சிரிக்காதீர்கள். விராலிமலை முருகன் கோயிலுக்குப் போனால் கையெடுத்துக் கும்பிடுவீர்கள், நிலக்கடலை போட்டால் அதே கையால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். தேசியப் பறவை, தொட்டால் வனத்துறை வரும்.

நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதை யார் பட்டாவில் வருகிறது என்று புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) பாருங்கள். பல சண்டைக்கு அதுதான் விதை. மேற்குப் பக்கம் என்றால் 2021-இல் அடிக்கல் நாட்டிய காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய் எந்த வழியாகப் போகிறது என்றும் விசாரியுங்கள். கிழக்குப் பக்கத்துக்கு ஒரு நல்லது உண்டு: நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பிறகு, 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் ஆலங்குடியை ஒட்டிய திருவரங்குளம் ஒன்றியமும் இருக்கிறது. புதிதாக ஹைட்ரோகார்பன் கிணறு தோண்ட முடியாது.

செம்பவாங் செல்வி:

அண்ணன் பாம்பை விட்டுவிட்டார். நான் தாதி, அதனால் சொல்கிறேன். கட்டுவிரியன் இரவில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் வலிகூடத் தெரியாது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். புதுக்கோட்டையில் 2017 முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. நிலத்திலிருந்து அங்கே போக ராத்திரி எவ்வளவு நேரம் ஆகிறது என்று வண்டி ஓட்டிப் பாருங்கள். உங்கள் மனைவி இந்தத் திட்டத்துக்கு என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

புங்கோல்வாசி:

தாழ்வாரத்தில் கீரை வளர்த்தால் போதும் என்கிறார், அக்கா. சட்ட விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ராசு அண்ணனுக்கு நன்றி. தரகரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். மனைவியின் பாட்டி வீட்டுக்கிணறு கறம்பக்குடிப் பக்கம் தூர்ந்து கிடக்கிறது. அதைத் தூர்வாரினால் உதவுமா?

ஈசூன் பம்ப்காரர்:

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! எத்தனை அடி ஆழம், உறை இறக்கியதா, கல் கட்டடமா? மே மாதம் பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவு வந்ததும் இங்கே எழுதுங்கள், எந்தப் பம்ப், எத்தனை தகடு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.