புதுப்பிப்பு: நாற்காலியை விட்டுவிட்டு வெற்றிடத்தை வரைந்தேன்

மர நாற்காலியைப் பென்சிலில் வரைந்தால், தள்ளி இருக்கும் பின்னங்கால்கள் குட்டையாகத் தெரியாமல் நான்கு கால்களும் ஒரே நீளத்தில் வந்து நிற்கின்றன என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். காலைப் பார்க்காதே, கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பார் என்று சிலர் பதில் சொன்னார்கள். அப்போது புரியவில்லை.

சரி, செய்து பார்த்தேன். பழைய அழைப்பிதழ் அட்டையில் சின்ன சன்னல் வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பார்த்தேன். கால்களுக்கு இடையே கோணலான நாற்கரம், முதுகுச் சட்டங்களுக்கு நடுவே ஒல்லியான பட்டைகள். இவற்றுக்குப் பெயர் கிடையாது. அதனால் மூளை "நாற்காலிக் கால் இப்படித்தான் இருக்கும்" என்று குறுக்கே வரவில்லை. அந்த வடிவங்களை மட்டும் 2பி என்ற மென்மையான, கருமையான பென்சிலால் நிரப்பினேன். நாற்காலி வெள்ளையாக எழுந்து நின்றது! பின்னங்கால்கள் தாமாகவே குட்டையாகிவிட்டன. இடது கால் மட்டும் கொஞ்சம் சூம்பல்.

அப்புறம் துளசிச் செடி. இலைகளைத் தொடாமல் இடுக்குகளை இன்னும் கருமையான 4பியால் இருட்டாக்கினேன். அழகாக வந்தது, உள்ளங்கை வெள்ளை இலைகள் மேல் கரியை இழுக்கும் வரை. அழிப்பான் பாதிதான் மீட்டது. இப்போது கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து பாட்டியின் நரைமுடி. ஒரு முடியைக்கூட வரையப் போவதில்லை.