தாலி கட்டும் நேரத்தில் இருண்டுபோன முகம்: வீடியோவில் மேனுவல் எக்ஸ்போஷர் அனுபவங்கள்

தஞ்சாவூர், திருமண ஒளிப்பதிவு

நண்பர்களுக்கு வணக்கம். புகைப்படத்திலிருந்து வீடியோவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் அடிபடுகிறார்கள். அதனால் நான் அடிபட்ட கதையை முதலில் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்தவற்றையும் அன்புகூர்ந்து எழுதுங்கள்.

ஆறு ஆண்டுகள் புகைப்படம் மட்டுமே எடுத்துவந்த நான், முதன்முறையாக ஒரு திருமணத்தின் வீடியோவைத் தனியாக எடுக்க ஒப்புக்கொண்டேன். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் எவ்வளவு ஒளி பதிய வேண்டும் என்பதை, கேமராவின் பொறுப்பிலேயே விட்டிருந்தேன். மாலை மாற்றும் வரை எல்லாம் சரியாகவே இருந்தது. கெட்டிமேளம் ஒலித்ததும், அட்சதை தூவுவதற்காகப் பெரியவர்கள் நாலைந்து பேர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு மணவறையை நெருங்கி வந்து நின்றார்கள். ஃப்ரேமில் பாதி வெள்ளையாகிவிட்டது. காட்சியில் வெளிச்சம் கூடிவிட்டதாகக் கணக்கிட்ட கேமரா படத்தைப் படிப்படியாக இருட்டாக்கியது. அவர்கள் விலகியதும் மறுபடி வெளுப்பாக்கியது. மூன்றாவது முடிச்சைப் போட மாப்பிள்ளையின் தங்கை குனிந்த நேரத்தில் மணப்பெண்ணின் முகம் ஏறக்குறைய நிழலாகவே பதிவாகியிருந்தது. படத்தைப் பார்த்த பெண்ணின் தாயார் என்மேல் கோபப்படவில்லை. "தாலி ஏறும்போது மட்டும் கரண்ட் போயிடுச்சா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருக்கும் காட்சியை, விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்கிறது. வெள்ளை வேட்டி நிறைந்தால் அதைச் சாம்பலாக்க இருட்டாக்கும். கறுப்புக் கோட்டு நிறைந்தால் அதையும் சாம்பலாக்க வெளுப்பாக்கும். புகைப்படத்தில் ஒவ்வொரு படமும் தனித்தனி என்பதால், தவறிய ஒன்றைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். வீடியோவிலோ அந்த மாற்றமே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது. எடிட்டிங்கில் விநாடி விநாடியாகச் சரிசெய்ய முயன்றேன். இருண்ட பகுதியைத் தூக்கியபோது புள்ளிப் புள்ளியாக நாய்ஸ்தான் வந்தது.

அதன்பிறகு, எல்லா அளவுகளையும் நானே வைக்கும் மேனுவல் முறைக்கு என் ஒழுங்கை மாற்றிக்கொண்டேன். முதலில் ஃப்ரேம் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பது; நம் நாட்டுக்கு 25. அடுத்தது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்திலும் ஒளி விழும் நேரம்; ஃப்ரேம் வேகத்தின் இரு மடங்கு எண்ணை வைத்து, 1/50 விநாடி. திரைப்படக் கேமராவில் சுழலும் ஷட்டர் பாதி வட்டம், அதாவது 180 பாகை, திறந்திருந்ததால் வந்த வழக்கம் இது. கை அசையும்போதும் மாலை ஆடும்போதும் நம் கண்ணுக்குப் பழகிய அளவு மங்கலை இது தருகிறது. இந்த இரண்டையும் வைத்த பிறகு நான் தொடுவதே இல்லை. பிறகு, பின்னணி எவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்து அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். மணவறையில் எனக்கு எஃப் 4 பொருந்துகிறது, ஏனெனில் மணமக்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஃபோகஸில் இருக்க வேண்டும். கடைசியாக மிஞ்சுவது, கிடைத்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை அது ஒன்றே தாங்குகிறது. ஒயிட் பேலன்ஸையும் இதே நேரத்தில் பூட்டிவிடுங்கள்; எக்ஸ்போஷரைப் பிடித்துவைத்துவிட்டு நிறத்தை ஓடவிட்டால் பட்டுப்புடவை ஒவ்வொரு ஷாட்டிலும் வேறு புடவையாகத் தெரியும்.

கோயம்புத்தூர், நிறுவன நிகழ்ச்சிகள்

நம் நாட்டுக்கு 25 என்று அண்ணன் ஒரே வரியில் எழுதிச் சென்றதற்குப் பின்னால் என் ஒரு முழு நாள் உழைப்பு வீணான கதை இருக்கிறது.

ஒரு தொழிற்கூடத்தின் உள்ளே, வரிசையாகப் பழைய சோக் வைத்த டியூப் லைட்டுகளின் கீழ் எடுத்தேன். இணையத்தில் பார்த்த அமெரிக்கப் பாடங்களைப் பின்பற்றி, விநாடிக்கு 30 ஃப்ரேம், ஷட்டர் 1/60 என்று வைத்திருந்தேன். கேமராவின் சிறிய திரையில் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டபோது எல்லா ஷாட்டிலும் கிடைக்கோடாக இருண்ட பட்டைகள் துடித்துக்கொண்டிருந்தன.

காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தத் தவறு இரண்டாம் முறை நேராது. அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று. இந்தியாவிலும் இலங்கையிலும் 50. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதால், நம் டியூப் லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் 1/50 என்றால் சரியாக இரண்டு துடிப்பும், 1/100 என்றால் சரியாக ஒரு துடிப்பும் உள்ளே வரும். 1/60 என்றால் ஒன்றரைக்குச் சற்று மேற்பட்ட அளவு வரும். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், ஒரு வரிக்கு அதிக ஒளியும் அடுத்த சில வரிகளுக்குக் குறைந்த ஒளியும் கிடைத்து, பட்டை உருவாகிறது. வாடிக்கையாளர் 30 ஃப்ரேம்தான் வேண்டுமென்று பிடிவாதமாகக் கேட்டாலும் ஷட்டரை 1/50-லோ 1/100-லோ வைத்துவிடுங்கள். அசைவில் வரும் வேறுபாட்டை யாரும் கவனிக்கமாட்டார்கள், பட்டையை எல்லோரும் கவனிப்பார்கள். பல கேமராக்களில் மெனுவில் பால் (PAL) என்ற வீடியோ முறையைத் தேர்ந்தால்தான் 25-உம் 50-உம் கண்ணில் படும் என்பதையும் புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது தன் சொந்த வேகத்தில் துடிக்கிறது. ஷட்டரை 1/50.1, 1/50.3 என்று நுணுக்கமாக நகர்த்தும் வசதி உள்ள கேமராவாக இருந்தால், ஒத்திகையின்போதே திரையை நோக்கி வைத்துப் பட்டை மறையும் எண்ணைத் தேடிக் குறித்துக்கொள்வேன்.

இராமநாதபுரம், வெளிப்புறப் படப்பிடிப்பு

உள்ளே எடுப்பவர்களுக்கு வெளிச்சம் போதவில்லை என்ற கவலை. தனுஷ்கோடியில் எடுக்கும் எனக்கு அதற்கு நேர்மாறான கவலை.

திருமணத்துக்குப் பிந்தைய படப்பிடிப்புக்காக ஓர் இணையரை அங்கே அழைத்துச் சென்றேன். காலை பத்தரை மணி, இருபுறமும் கடல், கால்கீழே வெளுத்த மணல். பின்னணி மங்கலாக வேண்டும் என்ற ஆசையில் எஃப் 2.8 வைத்துவிட்டு, படம் வெளுத்துப்போனதால் ஷட்டரை 1/3200 வரை ஏற்றினேன். படம் அழகாகவே தெரிந்தது. ஓடவிட்டுப் பார்த்தபோதுதான், அலையின் ஒவ்வொரு துளியும் வெட்டி வெட்டி விழுந்தது. காற்றில் பறந்த முந்தானை துடிதுடித்தது. மங்கல் ஏதுமில்லாத கூர்மையான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது கண் அவற்றை ஓர் அசைவாகச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. சண்டைக்காட்சிக்கு அது பொருந்தலாம். கைகோத்து நடக்கும் இருவருக்குப் பொருந்தவில்லை.

புகைப்படக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு பழைய கணக்கு இங்கே கைகொடுக்கிறது. நல்ல வெயிலில், எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்கும். ஐஎஸ்ஓ 100 என்றால் ஏறத்தாழ 1/100. வீடியோவுக்கு 1/50 வேண்டும், ஆகவே எஃப் 22. அங்கிருந்து 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று ஆறு ஸ்டாப், அதாவது ஒவ்வொன்றும் ஒளியை இரட்டிப்பாக்கும் ஆறு படிகள், திறக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆறு ஸ்டாப்பையும் கண்ணாடியால் மறைக்க வேண்டும் என்றால், ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர். மணல் தன் பங்குக்கு ஒளியைத் திருப்பி வீசுவதால் அங்கே இன்னும் ஒரு ஸ்டாப் கூடுதலாகத் தேவைப்பட்டது. எடிட்டிங்கில் நிறம் சேர்ப்பதற்காக வெளிறிய படமாகப் பதியும் லாக் முறையில் எடுப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். உதாரணமாக சோனி ஏ7 III கேமராவில் எஸ்-லாக் 2 வைத்தால் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காது. அது மேலும் மூன்று ஸ்டாப்; முந்தைய ஆறோடு சேர்த்து ஒன்பது, அதாவது என்டி 500 அளவு.

சுழற்றினால் அடர்த்தி கூடும் வேரியபிள் என்டி வசதியானதுதான். அது இரண்டு போலரைசர் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்தது என்பதால், அகன்ற லென்ஸில் கடைசி வரை சுழற்றினால் வானத்தில் குறுக்குப் பெருக்கல் குறிபோல ஒரு கருநிழல் விழும். அந்த எல்லைக்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போது என் பையில் என்டி 8-உம் என்டி 64-உம் தனித்தனியாக இருக்கின்றன. ஃபில்டர் இல்லாமல் நண்பகல் வெயிலுக்குப் போவதில்லை என்று உறுதியாகவே முடிவு செய்துவிட்டேன்.

திருநெல்வேலி, காட்சித் தொடர்பியல் மாணவர்

என் அனுபவம் மிகச் சிறியது. எல்லாவற்றையும் மேனுவலில் வைத்த பிறகும், ஜூம் செய்யும்போது படம் இருண்டது. கேமராவே பழுது என்று நினைத்து இரண்டு நாள் வருந்தினேன். என்னிடம் இருப்பது கேமராவோடு வந்த 18-55 லென்ஸ். 18-இல் எஃப் 3.5 வரை திறக்கும் அது, 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும் என்று எங்கள் ஆசிரியர் விளக்கினார். இப்போது தொடக்கத்திலேயே எஃப் 5.6 வைத்துவிடுகிறேன். ஜூம் முழுவதும் வெளிச்சம் மாறாமல் இருக்கிறது.

அண்ணா, ஒரு கேள்வி. மண்டபத்துக்குள்ளிருந்து மணமக்கள் வெயிலுக்கு நடந்து வரும் ஷாட்டை ஒரே மூச்சில் எடுக்க வேண்டுமென்றால் மேனுவலில் என்ன செய்வது?

சென்னை, மூத்த ஒளிப்பதிவாளர்

கேனான் 5டி மார்க் II 2008-இல் அறிவிக்கப்பட்டபோது, புகைப்படக் கேமராவில் முழு எச்டி வீடியோ வருகிறது என்று எங்களைப் போன்றவர்கள் அடைந்த மகிழ்ச்சி பெரிது. ஆனால் அப்போது வீடியோவில் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் நாமாக வைக்க வழியில்லை. 30 ஃப்ரேம் மட்டுமே இருந்தது. அப்பர்ச்சரையாவது கைக்குள் வைத்துக்கொள்ள, வளையம் வைத்த பழைய நிக்கான் லென்ஸ்களை அடாப்டரில் பொருத்தி எடுத்தவர்கள் உண்டு. 2009 ஜூனில் வந்த மென்பொருள் மேம்படுத்தலில்தான் மேனுவல் எக்ஸ்போஷர் கிடைத்தது; 24, 25 ஃப்ரேம்கள் 2010 மார்ச்சில் கிடைத்தன. அவ்வளவு காத்திருந்து பெற்ற வசதியை, இன்று கையில் எல்லாம் இருந்தும் ஆட்டோவில் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நான் சொல்ல விரும்புவது, எண்களை வைத்த பிறகு எதை நம்பி அளப்பது என்பதை. கேமராவின் திரையை நம்பாதீர்கள். இருண்ட சபாவில் அது பளிச்சென்று தெரியும், நீங்கள் குறைத்து எடுத்துவிடுவீர்கள். வெயிலில் மங்கித் தெரியும், கூட்டி எடுத்துவிடுவீர்கள். ஹிஸ்டோகிராம் என்ற வரைபடமும் முழுப் படத்தின் வெளிச்சப் பரவலைத்தான் சொல்கிறது, முகம் எங்கே விழுகிறது என்று சொல்வதில்லை. குறித்த வெளிச்சத்தை எட்டிய இடங்களில் கோடு போட்டுக் காட்டும் ஸீப்ராவையும், இருந்தால் படத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு வெளிச்சம் என்று வரைந்து காட்டும் வேவ்ஃபார்மையும் பயன்படுத்துங்கள்.

ஸீப்ராவை 70 சதவீத வெளிச்சத்தில் வைத்து முகத்தில் கோடு லேசாகத் தெரியும்படி எடு என்பது நீண்டகாலப் பாடம். அந்த எண் வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. நம் மக்களின் முகத்தை அந்த அளவுக்கு ஏற்றினால், கறுப்பு அழகு போய்ச் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும். பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் கரைந்துவிடும். சாதாரணப் பட முறையில், கறுத்த முகங்களை நான் 50-ஐ ஒட்டியும் மாநிறத்தை 55-லிருந்து 60-க்குள்ளும் வைக்கிறேன். இது என் கண்ணின் தீர்ப்பு. உங்கள் ஊரில், உங்கள் கேமராவில் சோதித்துப் பாருங்கள். பரதநாட்டிய மேடையில் கருநீலமும் ஊதாவும் கலந்த எல்இடி ஒளி விழும்போது இன்னும் கவனம் வேண்டும். மொத்த வெளிச்சம் குறைவாகவே காட்டும்போதும் நீல நிறம் மட்டும் நிரம்பி வழிந்து, ஆடுபவரின் கன்னமும் கண்ணும் ஒரே நீலத் திட்டாகிவிடும். அந்த ஒளி வரும்போது அரை ஸ்டாப் குறைத்துக்கொள்வது என் வழக்கம்.

தஞ்சாவூர், திருமண ஒளிப்பதிவு

ஐயா எழுதியதைப் படித்த பிறகு, என் பழைய பதிவுகளில் முகங்களை நான் தேவைக்கு அதிகமாக வெளுப்பாக்கியிருக்கிறேன் என்பது தெரிகிறது. நன்றி.

திருநெல்வேலித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். மேனுவல் என்றால் ஒருமுறை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது என்று பொருளில்லை. அதிகாலை நாலரை முதல் ஆறு வரை முகூர்த்தம் என்றால், தொடங்கும்போது மண்டபத்தில் விளக்கு மட்டும்தான். முடியும்போது கிழக்கு வாசலில் விடிந்திருக்கும். நான் ஒவ்வொரு சடங்கின் இடைவெளியிலும் மணப்பெண்ணின் முகத்தை அளந்து, ஐஎஸ்ஓவை மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் இறக்கிக்கொண்டே வருகிறேன். ஷாட் ஓடும்போது மாற்றுவதில்லை. ஹோமப் புகை எழும்போது படம் வெளிறினாலும் அதற்காக எதையும் குறைப்பதில்லை. புகை கலைந்ததும் முகம் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

மண்டபத்திலிருந்து வெயிலுக்கு வரும் ஷாட்டுக்கு, ஷட்டரையும் அப்பர்ச்சரையும் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடும் வசதி பல கேமராக்களில் உண்டு. அவசரத்துக்கு அது தவறில்லை. நேரம் இருந்தால் நான் செய்வது வேறு. முன்பே வெளியே சென்று, படியில் நிற்கும் உறவினர் ஒருவரின் முகத்தை வைத்து வெயிலுக்கான எண்களை முடிவு செய்துவிடுவேன். பிறகு வாசலுக்கு எதிரே, வெளியில் நின்றுகொண்டு எடுப்பேன். மணமக்கள் உள்ளே இருக்கும்வரை வாசல் சட்டத்துக்குள் இரண்டு கரிய உருவங்களாகத்தான் வருவார்கள். வாசற்படியைத் தாண்டி முதல் அடியை வெயிலில் வைக்கும்போது, முகங்கள் இரண்டும் தாமாகவே சரியான வெளிச்சத்துக்கு வந்து சேரும். தம்பி, உன் 18-55 லென்ஸிலேயே, எஃப் 5.6 வைத்து, ஒரு என்டி 16 மாட்டி, இதை எடுத்துப் பார்.