அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் தொடக்கப்பள்ளி: சேர்த்தவர்கள் சொல்லுங்கள்

செங்காங் அம்மா:

இங்கே சிங்கப்பூரில் பிள்ளையைப் பிரைமரி ஒன், அதாவது முதல் வகுப்புப் பதிவுக்கு நிற்கும் இரண்டு தோழிகள் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “உங்க புளோக்குக்குப் பின்னாடி இருக்கே, அந்தப் பள்ளி எப்படி?” போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் பிள்ளை படிக்கும் அக்கம்பக்கப் பள்ளியைப் பற்றி எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், கண்டதை மட்டும்.

பதிவதற்கு முன்னால் நானும் கீழே விளையாட்டு மைதானத்தில் விசாரித்தவள்தான். “அங்க போடாதீங்க, பிள்ளைங்க சரியில்ல” என்றார் ஒருவர். அவருடைய பிள்ளைகள் யாரும் அங்கே படிக்கவில்லை. “பிஎஸ்எல்இ ரிசல்ட் சுமார்தான்” என்றார் இன்னொருவர், தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேசியத் தேர்வைச் சொல்லி. தொடக்கப்பள்ளிகளைக் கல்வி அமைச்சு வரிசைப்படுத்தி வெளியிடுவதே கிடையாது. 2012லிருந்து நாட்டிலேயே முதலாக வந்த பிள்ளை யார் என்றுகூட அறிவிப்பதில்லை. அந்த ‘சுமார்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் நான் மூன்று இரவு தூங்கவில்லை.

என் மகன் பாட்டி கையில் வளர்ந்தவன். வீட்டில் முழுக்கத் தமிழ். பாலர் பள்ளிக்குப் போயும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. பிரைமரி ஒன் தொடங்கிய சில நாளிலேயே ஒரு சோதனை வைத்தார்கள், பிறகு கடிதம் வந்தது: கற்றல் ஆதரவு வகுப்புக்கு அனுப்பலாமா என்று. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று அழுதேன். “நல்ல பள்ளியா பார்த்துப் போட்டிருக்கலாம்” என்றார் வீட்டுக்காரர். பேர் பெற்ற பள்ளிகளிலும் இதே வகுப்பு உண்டு என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

தினமும் அரை மணி நேரம், எட்டுப் பிள்ளைகள், தனி அறை. மே மாதக் கடைசியில் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்குப் போனபோது அந்த ஆசிரியர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். என் மகன் தடுமாறிய சொற்கள் ஒவ்வொன்றும் தேதியோடு அதில் இருந்தன. ‘வாஸ்’ என்பதை ‘சா’ என்று தலைகீழாகப் படிப்பான். பிப்ரவரியில் அதற்கு நேரே ஒன்பது பென்சில் கோடு, ஏப்ரலில் மூன்று. மே மாதக் கட்டம் காலி. “இந்தக் கட்டம் காலியானதை அவன்கிட்ட காட்டினேன், அவனே எண்ணிப் பார்த்தான்” என்றார் அவர். எட்டுப் பிள்ளைக்கும் அப்படி ஒரு பக்கம் வைத்திருந்தார். பள்ளியின் தரம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்தப் பென்சில் கோடுகள்தான் ஞாபகம் வரும்.

குறையும் உண்டு. முதல் இரண்டு வருடம் வகுப்பில் முப்பது பிள்ளைகள்தான் இருந்தார்கள். பிரைமரி த்ரீ வந்ததும் நாற்பதை நெருங்கிவிட்டது, அறிவியல் பாடமும் சேர்ந்துகொண்டது. இப்போதுள்ள வகுப்பாசிரியருக்குச் செய்தி அனுப்பினால் பதில் வர நாலு நாள் ஆகிறது. அவர்மேல் கோபமில்லை, ஆனால் பிள்ளை கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான் என்ற பயம் இருக்கிறது.

சுவா சூ காங் அப்பா:

அக்கா, உங்களுக்கு நல்லபடியா அமைஞ்சது. எங்க கதை வேற மாதிரி.

எங்க வீட்டுப் பக்கத்துப் பள்ளியில ஆங்கிலம், கணக்கு ரெண்டுமே நல்லாத்தான் நடந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். தமிழ்லதான் அடி. மக பிரைமரி ஃபோர் படிச்ச வருஷம் மட்டும் மூணு தமிழாசிரியர் மாறுனாங்க. ஒருத்தர் மகப்பேறு விடுப்பு, அடுத்து வந்தவர் தற்காலிகம், அப்புறம் இன்னொருத்தர். கட்டுரை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், ஏழு வாரமா ஒரு சிவப்பு மை இல்ல. ‘பள்ளி’க்குப் ‘பல்லி’ன்னு எழுதியிருக்கா, அது அப்படியே நிக்குது.

தாய்மொழித் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாப் பேசுனாங்க. தமிழாசிரியர் ரெண்டே பேர், ஒருத்தர் போனா அந்த இடத்தை உடனே நிரப்ப முடியலன்னு ஒளிக்காம சொன்னாங்க. எனக்கு அது புரியுது. ஆனா சீன மொழிக்கு ஒருத்தர் விடுப்புல போனா பார்த்துக்க அங்கேயே பல பேர் இருக்காங்க. நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் இந்த நிலைமைன்னு மனசு ஆறலை.

இது வெறும் மொழிப்பற்று இல்லைங்க. பிஎஸ்எல்இயில ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழின்னு நாலு பாடமும் சமம். 2021லிருந்து ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 8 வரைக்கும் நிலை, கூட்டுனா 4லிருந்து 32. எண் குறைஞ்சாதான் நல்லது. கணக்குல 90 தாண்டி 1 வாங்குன பிள்ளை, தமிழ்ல 70 எடுத்து 5 வாங்குனா, கணக்குல பட்ட பாட்டைத் தமிழ் தின்னுடும். என் மகளுக்குப் போன வருஷம் அதான் ஆச்சு.

ஈசூன் அம்மா:

நான் 40 மணி நேரம் தொண்டூழியம் செய்தவள். வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பேர் பெற்ற பள்ளி. பதிவு வருடத்தின் ஜூன் 30க்குள் மணி நேரத்தை முடித்தால், பள்ளிக்குத் தொண்டு செய்த பெற்றோருக்கும் இடம் தரும் 2பி பதிவுக் கட்டத்தில் பதியலாம் என்பதற்காக விடுப்பு எடுத்து நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன், காலையில் வாசலில் நின்று கார்களுக்கு வழிகாட்டினேன். குலுக்கலில் எங்கள் எண் வரவில்லை. அடுத்து, எல்லாருக்கும் பொதுவான 2சி கட்டத்தில் அங்கேயே மறுபடி பதிந்தோம். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிமக்களுக்கே இடம் பற்றவில்லை, எங்கள் வரிசை வரை வரவே இல்லை. கடைசியில், மிஞ்சிய இடங்களுக்கான 2சி துணைக் கட்டத்தில்தான் சாலைக்கு எதிரே இருக்கும் இந்தப் பள்ளி கிடைத்தது.

தோற்றுப்போன மனசோடுதான் முதல் நாள் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது மகள் பிரைமரி டூ. 7.30க்குப் பள்ளி, 7.10க்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறோம். அந்தப் பள்ளி கிடைத்திருந்தால் பேருந்துக்கு ஆறேகாலுக்கே கீழே நின்றிருக்க வேண்டும்.

சுவா சூ காங் அண்ணன் சொன்ன தமிழ் விஷயம் இங்கே நேர்மாறு. ஐந்து வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே தமிழ் வகுப்பு, மொத்தம் 14 பேர். காலையில் வரும் வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டுத்தான் ஆசிரியை பாடத்தை ஆரம்பிப்பாராம். அதனால் என் மகள் இப்போதெல்லாம் மின்தூக்கியில் இருந்தே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள். “அம்மா, அந்த மைனாவுக்கு ஒரு கால் நொண்டி, தமிழ் டீச்சர்கிட்ட சொல்லணும்” என்கிறாள். நொண்டி என்ற சொல் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கே தெரியாது.

பிடோக் தாத்தா:

பேத்தியைத் தினமும் பள்ளியில் விட்டுக் கூட்டி வருகிறேன். நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். 1982இல் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியும் மூடப்பட்ட பிறகு, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் என்றால் இந்தத் தமிழ்ப் பாட வகுப்பறை ஒன்றுதான். ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் தமிழ் வகுப்பு நடக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் பிள்ளைகள் எழுதியது தொங்குகிறதா, கடையில் வாங்கிய படம் தொங்குகிறதா என்று பாருங்கள். என் பேத்தி பள்ளியில் பிள்ளைகள் எழுதியது தொங்குகிறது, பிழை திருத்திய கோட்டோடு.

செங்காங் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னதைத் தோழிகளுக்கு அனுப்பிவிட்டேன்.

சுவா சூ காங் தம்பி, உங்களிடம் படித்த பிறகு மகனின் தமிழ் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்திலேயே கண்ணாக இருந்ததில் இத்தனை நாளும் அதைத் திறக்கவே இல்லை. போன மூன்று வாரம் திருத்தாமல் இருக்கிறது. நாளைக்குக் காலையில் ஆசிரியருக்கு எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் எத்தனை தமிழாசிரியர் என்பதையும் கேட்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

தோழி ஒருத்தி வெள்ளிக்கிழமை பள்ளியைப் பார்க்கப் போகிறாள். மைதானத்தில் யார் என்ன சொன்னாலும் அதற்குள் முடிவு எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். இடைவேளை நேரமாகப் பார்த்துப் போகச் சொன்னேன். நம் மகன், மகள் வயதுப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் தட்டை ஏந்தி நிற்கும்போது பெரியவர்கள் அவர்களிடம் என்ன குரலில் பேசுகிறார்கள் என்று வாசலில் நின்றாலே காதில் விழும்.