சொந்தக்காரரே கான்ட்ராக்டர்: அம்மா பேரில் உள்ள வீட்டில் வில்லங்கம் வராமல் இருக்க

காட்பாடி, ஆவண எழுத்தர்:

"பாக்கி தரலைன்னா வீட்டு மேல வில்லங்கம் போட்டுடுவேன்" என்று மாடி கட்டிய மருமகனோ மச்சானோ சொன்னதும் பெரியவர்கள் பதறிப்போய் ஈசி (வில்லங்கச் சான்று) எடுக்க வருகிறார்கள். அமெரிக்காவில் கட்டியவர் கூலி பாக்கிக்கு வீட்டின் மேலேயே உரிமை பதிந்து வைக்கலாம். இங்கே அந்த வழி கிடையாது. பண வழக்குத்தான் போட முடியும். கோர்ட் ஜப்தி செய்தால்தான் அது ஈசியில் ஏறும்.

வீடு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெரியவரே போட்ட கையெழுத்தால்தான். பாக்கிக்கு ஈடு என்று சொல்லி, வீட்டை விற்க ஒப்புக்கொண்டதாக ஒரு கிரய அக்ரிமென்டைப் பதிவு செய்துகொள்வார்கள். பணம் அடைத்த பிறகும் அது ஈசியில் நிற்கும். ரத்து செய்ய அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கோர்ட்தான். பவர் பத்திரமும், தொகை எழுதாத புரோநோட்டும் இதே ஆபத்துதான். பிளான் அப்ரூவலுக்கு ஜெராக்ஸ் கொடுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டச் சொன்னால் நீங்களே எடுத்துப் போய்க் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

குடியாத்தம், கட்டட மேஸ்திரி:

ஆவண எழுத்தர் அண்ணா சொன்னது சரி. ஆனால் தகராறு முளைப்பது அளவில். சதுரடி ரேட் பேசும்போதே போர்டிகோ, பால்கனி, சன்ஷேட் இவையெல்லாம் முழு ரேட்டா, பாதியா, கணக்கிலேயே வராதா என்று எழுதிக்கொள்ளுங்கள். சம்ப், செப்டிக் டேங்க், கைப்பிடிச் சுவர் தனி ரேட்டா என்பதும் அதில் இருக்கட்டும். "எக்ஸ்ட்ரா வேலை" என்று கடைசியில் நீட்டும் பில் பெரும்பாலும் இவைதான்.

பணத்தைப் பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் கான்கிரீட், பூச்சு என்று நிலை நிலையாக, அம்மா கணக்கிலிருந்து பேங்க் மூலம் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது. 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. மெட்டீரியலும் கான்ட்ராக்டரே வாங்குகிறார் என்றால் கம்பி பில்லை எடையோடு ஒப்பிடுங்கள்: 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளம், ஒன்று சுமார் 10.66 கிலோ. எத்தனை கம்பி இறங்கியது என்று எண்ணினாலே பில் சரியா என்று தெரிந்துவிடும்.

சத்துவாச்சாரி, வழக்கறிஞர்:

மேஸ்திரி சொல்கிற தாள் இல்லாவிட்டாலும் பணம் கேட்க, கட்டிய சொந்தக்காரருக்கு வழி உண்டு. இனாமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 70ஆவது பிரிவு. அதனால் உண்மையான பாக்கி இருந்தால் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு, "பாக்கி முழுவதும் தீர்ந்தது" என்று எழுதி வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், சொந்தக்காரர் தன் காசில் மாடி கட்டிக் குடியேறுவது. அனுமதியின் பேரில் செலவழித்து நிரந்தரக் கட்டடம் எழுப்பிவிட்டால் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆவது பிரிவைக் காட்டி வாதாடுவார்கள். கடப்பாரை போடுவதற்கு முன்பே, அந்தப் பணம் கடனா அன்பளிப்பா, வீட்டில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்று இருவரும் கையெழுத்திட்டு வைக்க வேண்டும். மாடியின் ஈபி இணைப்பும் வீட்டு வரியும் அம்மா பேரிலேயே இருக்கட்டும்.

பணம் தர வேண்டிய தேதி பேசாத வேலைக்கு, வேலை முடிந்து 3 வருடத்துக்குள் அவர் வழக்குப் போட வேண்டும். அதற்குள் "பாக்கி இருக்கு, தந்துடறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் காலக்கெடு புதிதாக ஆரம்பிக்கும். நோட்டீஸ் வந்தால் பதிலை வக்கீல் மூலமே கொடுங்கள். கூடவே, எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று கோர்ட்டில் கேவியட் மனு போட்டு அதன் நகலை அவருக்கும் தபாலில் அனுப்புங்கள். 90 நாள் வரை உங்களுக்குத் தெரியாமல் தடை உத்தரவு வாங்குவது கடினம்.

நோட்டீஸைப் பார்த்த பயத்தில் வீட்டை அவசரமாக மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதாதீர்கள். பாக்கி வர வேண்டியவரை ஏமாற்றத்தான் மாற்றினார்கள் என்று சொல்லி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கோர்ட்டில் கேட்க அதுவே அவருக்குக் காரணமாகிவிடும். அமைதியான காலத்தில் எழுதினாலும், "கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மகன் கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவில் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.